ஆன்டெனாவின் மறுபாதி வண்டியின் தகரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏற்காடு மலைப்பாதையிலும் தொப்பூர் கணவாயிலும் ஓடும் லாரி, பேருந்துகளில் சி.பி. ரேடியோ, அதாவது சிட்டிசன் பேண்ட் எனும் பொது அலைவரிசையில் பேசும் கருவி, பொருத்தினால் வளைவுக்கு அப்பால் வரும் வண்டியோடு பேசிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். யோசனையில் குறையில்லை. விலை உயர்ந்த ஆன்டெனாவாகப் பார்த்து வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று அவர் சேர்த்திருந்த வரியில்தான் குறை. மலிவான ஆன்டெனாவும் சரியான இடத்தில், சரியான எர்த்தோடு மாட்டினால் பேசும். விலை உயர்ந்ததைக் கண்ட இடத்தில் மாட்டினால் ஊமையாகிவிடும். கனரக வாகனங்களில் மின்வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில் அதை விளக்க விரும்புகிறோம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிட்டிசன் பேண்டில், 5 வாட்டுக்கு மிகாத திறனில் வேலை செய்யும் கருவிக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு 2005இல் விதி செய்தது. பிறருக்கு இடைஞ்சல் தரக்கூடாது. நமக்கு இடைஞ்சல் வந்தால் முறையிடவும் முடியாது. கருவி வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அந்த ஒப்புதல் வெளி ஆன்டெனாவுக்கும் சேர்த்துத்தானா என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூஸ்டர் பெட்டி சேர்த்துத் திறனைக் கூட்டுவது சட்ட மீறல். நல்ல ஆன்டெனா இருந்தால் அதற்குத் தேவையும் இராது.

இனி விஷயத்துக்கு வருவோம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால் பங்கு உயரமுள்ள கம்பி, அதாவது சுமார் ஒன்பதடி, தானாகவே நன்றாக ஒலிபரப்பும். ஆனால் அந்தக் கம்பி பாதி ஆன்டெனாதான். மின்னோட்டம் கம்பியில் ஏறி இறங்கும்போது அதே அளவு மின்னோட்டம் அடியிலுள்ள உலோகத்திலும் பாய வேண்டும். கம்பி உலக்கை என்றால் வண்டியின் தகரம் உரல். உரல் இல்லாமல் உலக்கையை ஓங்கி என்ன பயன்?

ஆகவே ஆன்டெனா வாங்குமுன் வண்டியைப் பாருங்கள். கம்பெனியிலிருந்தே முழு இரும்பு கேபினாக வரும் லாரி என்றால் வேலை எளிது. மரச்சட்டம் அடித்து அதன்மேல் தகரம் போர்த்திய பழைய கேபின்களில் ஒரு தகரத்துக்கும் அடுத்த தகரத்துக்கும் நடுவே பெயின்ட்டும் துருவும் பட்டிப் பூச்சும் இருக்கும். கண்ணுக்கு ஒரே தகரம், மின்சாரத்துக்கு ஏழெட்டுத் துண்டு. பல பேருந்துகளிலும் புதிய லாரிகள் சிலவற்றிலும் முன்பகுதியும் டாப்பும் ஃபைபர். ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் அலுமினியமா ஃபைபரா என்பதைச் சுரண்டிப் பார்த்து மல்டிமீட்டரால் உறுதி செய்யலாம். அலுமினியம் என்றால் கவலையில்லை. ஃபைபர் என்றால், அடியில் உலோகத்தை எதிர்பார்க்காத வகை ஆன்டெனா தனியாகக் கிடைக்கிறது. அதனோடு வரும் கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதிதான். நீளம் அதிகமென்று அதை வெட்டினால் எல்லாம் கெட்டது. அதை இரும்பு கேபினில் மாட்டுவதும் தவறு, சாதாரண ஆன்டெனாவை ஃபைபரில் மாட்டுவதும் தவறு.

உயரத்துக்கு வருவோம். கால் அலைக் கம்பி, 102 அங்குலம், மிகச் சிறந்தது என்று எல்லா நூலும் சொல்லும். லாரி டாப்பில் அது ஆகவே ஆகாது. கேபின் டாப்பே தரையிலிருந்து மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன்மேல் 2.6 மீட்டர் நின்றால் ஐந்தரை மீட்டரைத் தாண்டும். மின்மயமான ரயில் பாதைகளின் லெவல் கிராசிங்கில் நிறுத்தியிருக்கும் உயரத் தடுப்பு 4.67 மீட்டர். அதற்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட்; தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். மலைக் கிராமங்களில் சாலையைக் குறுக்கே கடக்கும் 11,000 வோல்ட் கம்பிகள் தாழத் தொங்கும் இடங்களையும் ஓட்டுநர்கள் அறிவார்கள். வண்டி, பிராக்கெட், ஆன்டெனா மூன்றும் சேர்ந்து 4.4 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. லாரி கேபினுக்கு நாலடி, பேருந்து டாப்புக்கு மூன்றடி. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஒன்பதடி வேலையை நாலடியில் வாங்குவதற்குத்தான் சுருள் சுற்றுகிறார்கள். சுருள் அடியில் இருக்கலாம், நடுவில் இருக்கலாம், உச்சியில் இருக்கலாம். கனரக வண்டிக்கு உச்சியில் சுருள் உள்ள, ஃபைபர் குச்சிமேல் கம்பி சுற்றிய வகையைச் சொல்வோம். ஆன்டெனாவில் மின்னோட்டம் அதிகமாக ஓடும் பகுதிதான் அதிகம் ஒலிபரப்புகிறது. சுருள் மேலே போகப்போக அந்தப் பகுதி நீளும். இன்னொரு காரணமும் உண்டு: சுருளுக்குப் பக்கத்தில் இரும்பு வந்தால் அதன் அளவு மாறிவிடும். கேபினுக்குப் பின்னால் கன்டெய்னர் சுவரோ பாடியின் முன்தட்டியோ நிற்கும் லாரியில் அடிச்சுருள் ஆன்டெனா எப்போதும் இந்தத் தொல்லையில்தான் இருக்கும்.

மாட்டும் இடத்துக்கு ஒரே விதி. ஆன்டெனாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது டாப்புக்கு மேலே வெளியில் நிற்க வேண்டும். முன் பம்பரில் மாட்டினால் அடிப்பாதி முழுக்க கேபினுக்கு முன்னால் மறைந்துவிடும். அலை பின்பக்கம் சரியாகப் போகாது. பக்கக் கண்ணாடியின் பிராக்கெட் சுலபம், துளை போட வேண்டாம், கழற்றவும் எளிது. ஆனால் கண்ணாடி கதவோடு இருக்கிறது, கதவு கீலில் தொங்குகிறது, கீலில் கிரீஸும் பெயின்ட்டும். அதை எர்த் என்று நம்பக்கூடாது. கேபின் டாப்பின் பின்விளிம்பில், வலப்பக்கம் தள்ளி, ஒரு எல் பிராக்கெட் அடித்து நிறுத்துவதே எங்கள் தேர்வு. வலப்பக்கம் ஏன் என்றால், நம் சாலையில் வண்டி இடப்பக்கம் ஒதுங்கி ஓடுகிறது. காப்பித் தோட்டங்களின் சில்வர் ஓக் கிளைகள் தட்டுவது இடப்பக்கத்தைத்தான். ஒன்று நினைவிருக்கட்டும்: ஆன்டெனா நிற்கும் இடத்திலிருந்து எந்தத் திசையில் தகரம் அதிகம் விரிந்திருக்கிறதோ அந்தத் திசையில் சிக்னல் சற்று அதிகம் போகும். வலது மூலையில் மாட்டினால் இடப்பக்கம் கூடுதல். வித்தியாசம் பேசமுடியாத அளவுக்குப் பெரிதல்ல.

காந்த அடிப்பாகம் கொண்ட ஆன்டெனாவைப் பலர் கேட்கிறார்கள். சோதனைக்கு நல்லது. கொண்டை ஊசி வளைவில் கிளை ஒன்று இழுத்தால் டாப்பில் வழுக்கி விழுந்து கேபிளில் தொங்கும்.

பொருத்தும் முறை இது. பிராக்கெட்டில் 4 நூல், அதாவது அரை அங்குலத் துளை. துளையைச் சுற்றியும், பிராக்கெட் கேபினைத் தொடும் இடத்திலும் பெயின்ட்டை எமரி தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பெயின்ட்டின்மேல் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் எர்த் கிடைக்காது. நாங்கள் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பங்கு இதுதான். ஸ்டட், அதாவது ஆன்டெனாவைத் தாங்கும், அடியில் கேபிள் மாட்டும் சாக்கெட் உள்ள போல்ட். அந்த சாக்கெட்டின் உடம்பு கீழிருந்து பிராக்கெட்டை இரும்போடு இரும்பாகத் தொட வேண்டும். நடுவே பல் வாஷர் போடலாம். மேற்பக்கம் நைலான் வாஷர். அதன் குறுகிய கழுத்து துளைக்குள் இறங்கி உட்கார வேண்டும், அதன்மேல்தான் ஆன்டெனா. இந்த நைலான் வாஷரைத் தலைகீழாகவோ அடிப்பக்கமோ போட்டுவிட்டால் ஆன்டெனா நேராக பாடியில் ஷார்ட் ஆகிவிடும். கருவி ஆன் ஆகும், லைட் எரியும், ஒரு சத்தமும் போகாது.

முறுக்கியபின் மல்டிமீட்டரை எடுங்கள். கேபிளின் கருவி முனையில் நடு ஊசிக்கும் ஆன்டெனாவின் அடிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். வெளிக்கூட்டுக்கும் சேசிஸுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழித்தபின் அரை ஓமுக்குள். நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. கேபிளோடு இசைவதற்காக அடியில் ஒரு சுருளை எர்த்தோடு இணைத்திருக்கும் சில ஆன்டெனாக்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவை பிறப்பிலேயே மீட்டருக்கு ஷார்ட்டாகத் தெரியும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஸ்டட்டை மட்டும் அளந்தால் குழப்பம் தீரும்.

கேபின் ரப்பர் புஷ்ஷின்மேல் உட்கார்ந்திருப்பதால், கேபினிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போடுங்கள். கண்ணாடியில்தான் மாட்டுவேன் என்பவர்கள் கதவிலிருந்து கேபினுக்கு இன்னொன்று. சாதாரண ஒயர் வேண்டாம். இந்த அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடுகிறது. அகலமும் குட்டையுமான பட்டைதான் பேசும். மரச்சட்ட கேபினில் டாப் தகரத் துண்டுகளையும் இதே பட்டையால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அலுப்பான வேலை, ஒரு பகல் போகும்.

கேபிள் 50 ஓம் கோஆக்ஸ், அதாவது நடுக்கம்பியைச் சுற்றிச் செம்பு வலை போர்த்திய வகை; ஆர்.ஜி.58 போதும். கேபினிலிருந்து டாப்புக்கு ஐந்து மீட்டர் ஓடும் கேபிளில் இந்த அதிர்வெண்ணில் இழப்பு அரை டெசிபலுக்குள்தான். தடித்த கேபிளுக்குச் செலவழிப்பது வீண். டி.வி. டிஷ் ஒயரை மட்டும் போடாதீர்கள். அது 75 ஓம், கனெக்டரும் ஒழுங்காகச் சேராது. கதவு இடுக்கில் நசுங்காமல், ரப்பர் கிராமெட் வைத்துத் துளை வழியே உள்ளே கொண்டுவாருங்கள். நசுங்கிய கேபிள் மீட்டரில் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் காட்டும். அதைத் தேடி அலைவது பெரும்பாடு. மிச்சத்தை இறுக்கிச் சுருட்டாமல் ஓரடி அகலத்துக்கு 8 வடிவில் தளர்வாகக் கட்டலாம். கனெக்டருக்கு ஈயப்பற்று வைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் காணாது, வலை சூடேறுமுன் உள் பிளாஸ்டிக் உருகிவிடும். 60 வாட்டுக்கு மேல் உள்ளதை வைத்துச் சட்டென்று முடிக்க வேண்டும்.

ஏற்காட்டில் மழையைவிட மூடுபனி பொல்லாதது. மெதுவாக, நாள் முழுக்க ஊறும். கனெக்டரில் ஏறிய ஈரம் கேபிளின் செம்பு வலைக்குள் இழுபட்டுப் போய்க் கறுத்துவிட்டால் அந்தக் கேபிளை வெட்டித் தள்ளவேண்டியதுதான். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண கறுப்பு டேப். உள்ளே நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பேஸ்ட்டை செம்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அரித்துவிடும்.

அடுத்தது அளவு பார்த்தல். இதைச் செய்யாமல் பேசத் தொடங்குகிறவர்கள்தான் கருவியின் அவுட்புட் டிரான்சிஸ்டரை எரித்துக்கொள்கிறார்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்பது அனுப்பிய திறனில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. அதை கருவிக்கும் கேபிளுக்கும் நடுவே குட்டை ஒயரால் இணையுங்கள். வண்டியைப் பட்டறைக்குள் வைத்து அளக்காதீர்கள். தகரக் கூரை கணக்கைக் கெடுக்கும். திறந்த வெளி, பக்கத்தில் இன்னொரு லாரி கூடாது, கதவுகள் சாத்தியிருக்க வேண்டும், டாப்பில் ஆள் நிற்கக்கூடாது. நம் நாட்டில் 27 சேனல்: முதலாவது 26.965, கடைசி 27.275 மெகாஹெர்ட்ஸ். 1, 14, 27 மூன்றிலும் பேசாமல் மைக்கை அழுத்தி, சில நொடிகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1இல் அதிகமாகவும் 27இல் குறைவாகவும் இருந்தால் ஆன்டெனா குட்டை. 27இல் அதிகம் என்றால் நீளம். ஃபைபர் குச்சியின் உச்சியில் திருகு இருந்தால் அதை ஏற்றி இறக்கினால் போதும். இரும்புக் கம்பி என்றால் வெட்டுவது ஒரு நேரத்துக்கு 3 மில்லிமீட்டர், அதற்கு மேல் கிடையாது. வெட்டிய கம்பியை ஒட்டவைக்க முடியாது.

14ஆம் சேனலில் மீட்டர் 1.5க்குள் வந்தால் நிறுத்திவிடுங்கள். திரும்பி வருவது நூற்றுக்கு நாலு பங்குதான். 2 என்றால் 11 பங்கு, 3 என்றால் கால் பங்கு. 3க்கு மேல் மைக்கை அழுத்தவே கூடாது. மூன்று சேனலிலும் ஒரே மாதிரி மிக அதிகம் என்றால் அது நீளத்தின் குற்றமல்ல. ஷார்ட், அறுந்த கேபிள், எர்த் இல்லாமை இந்த மூன்றில் ஒன்று. அந்த நிலையில் கம்பியை வெட்டத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அடியில் ஸ்பிரிங்கோ சட்டென்று கழற்றும் இணைப்போ சேர்ப்பதாக இருந்தால் முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். அவையும் நீளத்தில் சேர்த்திதான். மலைப்பாதை வண்டிக்கு ஸ்பிரிங் அவசியம். சமவெளியில் வேகமாக ஓடும்போது தளர்ந்த ஸ்பிரிங் ஆன்டெனாவைப் பின்னுக்குச் சாய்க்கும், அப்போது சிக்னலும் சாயும். கெட்டியான ஸ்பிரிங்காகப் பாருங்கள்.

இரண்டு கண்ணாடியிலும் கொம்பு மாதிரி இரண்டு ஆன்டெனா வைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். பார்க்க எடுப்பு. முழுப் பலன் கிடைக்க இரண்டுக்கும் நடுவே கால் அலை, 2.7 மீட்டர் வேண்டும். வண்டியின் அகலத்துக்கு விதி 2.6 மீட்டர், கண்ணாடி வெளியே நீட்டுவதால் பெரிய லாரியில் கிட்டத்தட்ட அமையும், சிறிய லாரியில் அமையாது. இரண்டு ஆன்டெனாவும் ஒரே வகை, ஒரே நீளமாக இருக்க வேண்டும். கேபிள் இங்கே மட்டும் 75 ஓம் ஆர்.ஜி.59, ஒவ்வொரு கையும் 18 அடி. அந்தப் பதினெட்டடிக்குக் காரணம் உண்டு. கேபிளுக்குள் அலை குறுகிவிடுவதால் அதற்குள் முக்கால் அலை என்பது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். அந்த நீளத்தில் 50 ஓம் ஆன்டெனா மறுமுனையில் 112 ஓமாகத் தெரியும். இரண்டும் இணையும்போது 56, கருவிக்கு இசைவு. ஒற்றை ஆன்டெனாவுக்கும் பதினெட்டடிதான் வேண்டும் என்பது இதிலிருந்து பிறந்த வதந்தி. இரட்டையின் பலன் முன்னும் பின்னும் கூடுவது, பக்கவாட்டில் குறைவது. ஓசூர் வரை நேராக ஓடும் லாரிக்கு அது லாபம். இருபது கொண்டை ஊசி ஏறும் வண்டிக்கு எதிரே வருகிறவர் பாதி நேரம் பக்கவாட்டில்தான் இருக்கிறார். அங்கே ஒற்றை ஆன்டெனாதான் சரி.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓடும்போது துளையிடும் மாஸ்ட் படுத்த நிலையில் கேபினுக்கு மேல் நீண்டிருக்கும். ஆன்டெனா அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு நல்லது, ஒரு மீட்டராவது வேண்டும். அளவு பார்ப்பதும் மாஸ்ட் படுத்திருக்கும்போதுதான். தூக்கி வைத்து அளந்து சரிசெய்தால் சாலையில் எல்லாம் மாறிவிடும். ஜவ்வரிசி மூட்டை, வைக்கோல் ஏற்றும் லாரிகளில் தார்ப்பாய்க் கயிறு ஆன்டெனாவில் மாட்டி ஒடிக்கும். கயிறு வீசும் பக்கம் பார்த்து இடம் குறியுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி மறந்துவிடக்கூடாது. நம் கனரக வண்டிகள் 24 வோல்ட், கருவி பெரும்பாலும் 12. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்குவழியால் ஒரு பேட்டரி எப்போதும் அரைவயிறாகவும் மற்றது அதிகமாக சார்ஜ் ஏறியும் இரண்டும் கெடும். 24க்கு 12 கன்வெர்ட்டர், 5 ஆம்பியர் தாராளம். பேட்டரிப் பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸ். மலிவுக் கன்வெர்ட்டர் இரையும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறினால் ஆல்டர்நேட்டர். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை என்பதால் அதன் தீப்பொறி தரும் படபடப்புச் சத்தம் வராது. ஆனால் சேலம் லாரிகளின் அலங்கார எல்.இ.டி. சரங்கள் இருக்கின்றனவே, அவற்றில் பாதியாவது காதைக் கிழிக்கும். ஆன்டெனா கேபிளை அவற்றிலிருந்து தள்ளி இழுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் வண்டிக்கு வண்டி ஐந்து கிலோமீட்டர் நம்பலாம். மலையில் பாறை மறைத்தால் மறைத்ததுதான். 11 மீட்டர் அலை விளிம்பில் கொஞ்சம் வளைந்து வரும் என்பதால் இரண்டு மூன்று வளைவுக்குக் கீழே வருகிறவரின் குரல் பெரும்பாலும் கிடைக்கும், அவ்வளவே. ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் தொடர்புக் கருவி மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் குற்றம். ஆகவே மைக்கை கிளீனர் பக்கம் மாட்டுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிவிட்டு மீட்டரில் 14ஆம் சேனலை மறுபடி பாருங்கள். கிளை அடித்த நாளிலும் அப்படியே. ஃபைபர் குச்சி வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே சுற்றிய கம்பி அறுந்திருக்கும்.

இப்படிக்கு,
கனரக வாகன மின்பணியாளர்கள்,
சீலநாயக்கன்பட்டி, சேலம்.